அரை மாத்திரை

"விலகப்பட்டார்."

அவளுடைய பேனா அந்தச் சொல்லின் மேல் வந்து நின்றது.

மதியச் செய்தியின் முதல் வரி அது. 'ஜனாதிபதி தமது பதவியிலிருந்து விலகப்பட்டார்.' சிங்களத்திலிருந்து அவசர அவசரமாகப் பெயர்த்துத் தட்டச்சிட்ட ஒற்றைத் தாள். மூலத்தில் எப்படி இருந்தது என்று கேட்கலாமென்றால், பெயர்த்தவர் நாற்காலியில் இல்லை. மூலத்தாளைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, வீதியில் போன கூட்டத்தோடு அவரும் போய்விட்டாராம்.

விலகப்பட்டார் என்றொரு சொல் தமிழில் இல்லை.

விலகுவது ஒருவர் தாமாகச் செய்வது. அதைப் பிறர் செய்ததாகச் சொல்ல வழியே கிடையாது. ஒன்று, விலகினார். அன்றேல், விலக்கப்பட்டார்.

நடுவில் நிற்க இடமில்லை.

சன்னலுக்கு அப்பால் நகரம் இரைந்துகொண்டிருந்தது. ஜனாதிபதி விடியுமுன்னரே விமானம் ஏறிவிட்டார். மக்கள் கடற்கரைத் திடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். சட்டி, மூடி, அகப்பை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் தட்டிக்கொண்டு போனார்கள். மாதக்கணக்கில் அடுப்பேறாத சட்டிகளுக்கு இன்றைக்குத்தான் வாய் திறந்திருந்தது.

அவள் இந்த வானொலி நிலையத்தின் குரல்.

அவள் வாசித்த செய்திகளில் எல்லாம் தாமாகவே நடந்தன. விலை ஏறியது, ஏற்றியவர் இல்லை. மின்சாரம் நின்றது, நிறுத்தியவர் இல்லை. எரிவாயு தீர்ந்தது. வரிசையில் நின்ற முதியவர் விழுந்தார். செய்தவர்கள் மாளிகையில் இருந்தார்கள். வாக்கியத்தில் மட்டும் அவர்களைக் காணவில்லை.

என்ன துணிச்சல்! நாட்டைச் சூறையாடியது போதாதென்று, அதன் இலக்கணத்தையும் அல்லவா சூறையாடினார்கள்!

சென்ற கிழமை திடலில் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். 'ஆர்ப்பாட்டக்காரர்கள் கலைந்து சென்றனர்' என்று வாசித்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் வெறுந்தரையில் படுத்திருந்தாள். வீங்கிய கண்களின் மேல் ஈரத்துணி. தலைமாட்டில் வானொலி.

"நாங்கள் கலையேல்லை, அம்மா. கலைச்சவங்கள். செய்தி வாசிக்கிற உங்களுக்கு அதுகூடத் தெரியாதோ?"

அதன் பின்னர் மகள் அவளோடு பேசவில்லை. வீட்டில் வானொலியும் பேசவில்லை.

இன்று காலை, கண் வீக்கம் வற்றுமுன்னரே, மகள் மறுபடியும் திடலுக்குப் போய்விட்டாள். அங்கே யாரேனும் ஒருவர் வானொலி வைத்திருப்பார்.

செய்திப் பொறுப்பாளர் அருளம்பலம் வந்து, அவள் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தார். கழுத்துப்பட்டி வியர்வையில் நனைந்திருந்தது.

"பிள்ளை, 'விலகினார்' எண்டு மாத்தி வாசியும். நல்ல தமிழ்தானே?"

"நல்ல தமிழ்தான், சேர்."

"நாளைக்கு அந்தாள் திரும்பி வந்தா, உம்மடை கதிரையும் இராது, என்ரை கதிரையும் இராது. அவர் தன்ரை கதிரையை விட்டுட்டு ஓடினதுக்கு, நாங்கள் ஏன் எங்கடை கதிரையை விடுவான்?"

சொல்லிவிட்டு, அவளுடைய நாற்காலியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கண்ணாடிக்கு அப்பாலுள்ள கட்டுப்பாட்டறைக்குப் போனார். ஒலிபரப்பை நிறுத்தும் பொத்தான் அங்கேதான் இருந்தது.

அவள் தாளைப் பார்த்தாள்.

அவர் சொன்னபடி திருத்தினால் பாதிச் சொல்லை வெட்ட வேண்டும். மற்றத் திருத்தத்துக்கு ஓர் ஒற்றுப் போதும்.

ஆகக் குறைந்த திருத்தமே நல்ல திருத்தம்.

லகரத்துக்கும் ககரத்துக்கும் இடையில் எழுதத் தொடங்கினாள். எழுதி முடிக்குமுன் சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். செய்திகள்."

கண்ணாடிக்கு அப்பால் அருளம்பலத்தின் விரல் பொத்தானின் மேல் இருந்தது.

"ஜனாதிபதி தமது பதவியிலிருந்து விலக்..."

அடிநா அண்ணத்தில் ஒட்டி நின்றது.

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. கண்ணிமைப்பில் பாதி. அதற்குள் ஒலியும் இல்லை, மூச்சும் இல்லை.

ஆயினும் அதற்குள் ஒரு திடல் முழுவதும் நின்றது. அடுப்பேறாத சட்டிகள் நின்றன. வரிசையில் விழுந்த முதியவர் எழுந்து நின்றார். ஈரத்துணியை விலக்கிவிட்டு ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"...கப்பட்டார்."

விரல் பொத்தானின் மேலேயே இருந்தது.

அழுத்தவில்லை.

மீதிச் செய்தியை அவள் பிசிறில்லாமல் வாசித்து முடித்தாள். அப்படியொரு குரல் தன்னிடம் இருந்ததை அன்றுவரை அவள் அறிந்ததில்லை.

விளக்கு அணைந்தது.

அருளம்பலம் உள்ளே வந்தார். தாளை எடுத்தார். முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது.

'விலககப்பட்டார்' என்று இருந்தது. அவசரத்தில் அவள் புள்ளி வைக்காமல் விட்டிருந்தாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவள் எழுதிய ககரத்தின் தலைமேல், தாள் கிழிந்துவிடுமோ எனும்படி, அழுத்தி ஒரு புள்ளி வைத்தார்.

பிறகும் தாளைக் கீழே வைக்கவில்லை. தொடக்கத்திலிருந்து வாயசைத்து மறுபடியும் படித்தார். நெற்றி சுருங்கியது.

"அடுத்த செய்திக்கும் இதுதானே போகும்?"

"ஓம், சேர்."

"யாராலை எண்டு இல்லையே, பிள்ளை."

வெளியே சட்டிகள் ஓயவில்லை.

பேனாவை மூடாமல் அவளிடம் நீட்டினார்.