கழற்றாத சட்டை

“சட்டையைக் கழற்ற மாட்டேன் சார்.”

டைரக்டருக்குச் சுர்ரென்று ஏறியது. “யோவ், உன் நடிப்பைப் பார்த்தா கூப்பிட்டேன்? உடம்பைப் பார்த்துதானேய்யா கூப்பிட்டேன்!”

அது உண்மைதான். மூன்று முறை ஆணழகன் பட்டம் வாங்கியவன். சினிமாவுக்கு வந்து ஆறு வருஷமாக ஹீரோக்களிடம் அடிவாங்கிப் பறந்துகொண்டிருந்தான், பாவம். இப்போதுதான் முதல்முறையாக மெயின் வில்லன்.

“மாடியிலேர்ந்து குதிக்கச் சொல்லுங்க சார், குதிக்கிறேன். சட்டை மட்டும் வேணாம்.”

“அதுக்குள்ள கொம்பு முளைச்சிருச்சா? பத்து நிமிஷம் டைம். இல்லேன்னா ஆளை மாத்திடுவேன்.”

யூனிட்டுக்கு வாயில் போட்டு மெல்ல அவல் கிடைத்தது. “எல்லாம் ஊசி போட்டு ஏத்தின உடம்பு. காத்து எறங்கியிருக்கும்” என்று லைட்மேன் சிரித்தார்.

மேக்கப்மேன் மட்டும் அவன் பின்னாலேயே கேரவனுக்குப் போனார். பல வருஷப் பழக்கம். கதவைச் சாத்திவிட்டு, “எங்கிட்ட காட்டுப்பா” என்றார்.

அவன் தயங்கித் தயங்கி பட்டன்களைக் கழற்றினான்.

உடம்பு கல் மாதிரி அப்படியேதான் இருந்தது. ஆனால் நெஞ்சு முழுக்க நகக் கீறல். தோளில் பல் பதிந்த காயங்கள், பழசும் புதுசுமாக.

“அடக் கடவுளே! யாருப்பா இப்படிப் பண்ணது?”

“அப்பாண்ணே. ரெண்டு வருஷமா மறதி நோய். குளிப்பாட்டப் போனா, யாரோ தடியன் அடிக்க வர்றான்னு பயந்துக்கறார்.”

“இவ்வளவுதானே? மேக்கப்புல மறைச்சிடறேன்.”

“ஃபைட் சீன்ணே. வேர்த்தா கரைஞ்சிடும். அவனவன் கையில செல்போன் இருக்கு. நாளைக்கே அப்பாவைப் பைத்தியம்னு ஊரெல்லாம் பரப்பிடுவாங்க. சின்ன வயசுல என்னை ஒரு அடி அடிச்சதில்லண்ணே அவர்.”

வெளியே டைரக்டர் வேறு யாருக்கோ போன் போட்டுச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். “உடனே கிளம்பி வாய்யா. உனக்கு அடிச்சது யோகம்!”

அவன் பட்டன்களை மறுபடி போட்டுக்கொண்டான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

மேக்கப்மேனுக்கு மனசு ஆறவில்லை. “ஏம்ப்பா, மலை மாதிரி இருக்கே. அந்த வயசானவர் கையை ரெண்டு நிமிஷம் கெட்டியாப் பிடிச்சுக்கக் கூடாதா?”

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். கண் கலங்கியது.

“போன மாசம் ஒரே ஒரு தடவை பிடிச்சேண்ணே. எலும்பு முறிஞ்சிருச்சு. மாவுக்கட்டு இன்னும் பிரிக்கல.”