டிரெய்லரின் பின்விளக்கு

பொழுது சாய்கிறது. டிராக்டர் சீட்டுக்கடியில் தலையை நுழைத்து, டிரெய்லரின் பின்விளக்குக்கு ஒயர் இழுக்கிறான் மதார். பின்னால் நிற்கும் மனைவி ஜெய்னப்பின் சேலையில் சிவப்பு வெளிச்சம் விழுகிறது. இத்தனை வருஷமும் வெறும் சிவப்புத் துணி கட்டி ஓடிய வண்டி. “ஆலங்குளத்துக்குப் பகல்லதான கல்லு ஏத்துதீய, இப்ப எதுக்கு லைட்டு?” “லைட்டு இல்லன்னா போலீஸ் புடிக்கான்ட்டி. என் வாயப் பாக்காம லைட்டப் பாரு.” விளக்கை மட்டும் அணைக்கத் தனியாக ஒரு சுவிட்சை அவன் சீட்டுக்கடியில் மறைத்துப் பொருத்துவதை டிரெய்லர் ஓரமாக எட்டி அவள் பார்க்கிறாள். செக்போஸ்டில் எரியவும், காட்டுக்குள் அணையவும் ஒரு விளக்கு. பிளவக்கல் காட்டில் திருட்டு மரம் ஏற்றப் போன அவள் தம்பி இன்னும் ஜெயிலில் இருக்கிறான். சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்கிறது. சேலை கறுக்கிறது. “அணைஞ்சிட்டா?” என்கிறான் மதார், எட்டிப் பார்க்காமலே. “எங்க? நல்லா எரியுதே” என்கிறாள். “என்ன எழவோ” என்று முணுமுணுத்தபடி, இழுத்த ஒயரை எல்லாம் அவன் பிரிக்கத் தொடங்குகிறான்.