ஒண்ணு எடு

உறையைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது பல்தான்.

அம்மாவின் பல். சுற்றிலும் பனி. நடுவில் இருக்க வேண்டிய முகத்தைக் காணோம்.

முகம் இருந்தது. அம்மாவுடையது இல்லை. மூக்குத்தியும் நெற்றித் தழும்பும் அம்மாவுடையவை, தோல் யாருடையதோ. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி.

அவள் படத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மாறவில்லை.

கல்லாவுக்குப் பின்னால் சவரிமுத்து அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்குத் தெரிந்து திருச்சியில் இன்னும் பிலிம் கழுவித் தருகிறவர் அவர் ஒருவர்தான். முகம் ரொம்ப டல்லாக இருந்ததாம். கம்ப்யூட்டரில் போட்டுக் கலரை ஏற்றிவிட்டாராம். அதற்கென்று தனியாக எதுவும் வாங்கப்போவதில்லையாம்.

தர்மப்பிரபு.



எட்டு நாள். அவளும் அம்மாவும் கால் வைத்த முதல் வெளிநாடு. ஜார்ஜியாவில் குடௌரி என்று ஒரு மலையூர். என்னடி இது நம்ம குடவாசல் மாதிரி, என்று அம்மா வழியெல்லாம் சிரித்தாள். டிசம்பர். முழங்கால் வரைக்கும் பனி.

பழைய பிலிம் கேமராக்கள் இரண்டைக் கொண்டுபோயிருந்தாள். ஒன்று இரண்டாம் நாளே குளிரில் விறைத்து நின்றுவிட்டது. இன்னொன்றை அம்மா வாங்கித் தன் கோட்டுக்குள், ஸ்வெட்டருக்கும் புடவைக்கும் நடுவில் செருகிக்கொண்டாள். அந்த வயிற்றுச் சூட்டில்தான் அது பிழைத்தது.

அம்மா படத்துக்கு நிற்கிற ஆள் இல்லை.

கல்யாணப் படத்தில் ஸ்டூடியோக்காரர் டச்சிங் செய்து செய்து அம்மாவை அப்பாவைவிட வெளுப்பாக்கிவிட்டார். பொண்ணை மாத்திட்டாங்களா என்று பெரிய அத்தை கேட்டாளாம். நாற்பது வருஷமாக வீடே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. குடும்பமாக நின்று படம் எடுக்கலாம் என்றால் போதும், எல்லோருடைய கைப்பையையும் வாங்கிக்கொண்டு அம்மா ஓரமாகப் போய்விடுவாள்.

அப்பேர்ப்பட்ட அம்மா நாலாம் நாள் தானாகப் போய்ப் பனிக்கு நடுவில் நின்றாள். கோட்டுக்குள்ளிருந்து கேமராவை எடுத்து நீட்டினாள்.

"இந்த வெள்ளையில நான் பளிச்சுனு தெரிவேன். ஒண்ணு எடு."

அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாகக் கேட்டாள்.

பனியைப் பார்த்தால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் ஏமாந்துபோகும், முகத்தைக் கரியாக்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். கிளம்புவதற்கு முன்னால் மாதக்கணக்கில் படித்திருந்தாள். மீட்டர் சொன்னதைவிட வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைத்தாள். அம்மாவின் நிறம் அம்மாவின் நிறமாகவே விழ வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இத்தனையும் இந்த மனுஷன் ஒரு மவுஸைத் தட்டி அழிப்பதற்கா?

ஊர் திரும்பிய நாளிலிருந்து படம் வந்துடுச்சா, படம் வந்துடுச்சா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இதை எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது?

படத்தைக் கல்லா மேல் வைத்தாள். வைக்கவில்லை, அறைந்தாள்.

உங்களை யார் கேட்டது என்றாள். டல் என்று யார் சொன்னது என்றாள். பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அண்ணனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வேண்டுமானால் கொஞ்சம் குறைத்துப் போட்டுத் தருகிறேன் என்றார்.

கொஞ்சமாம்.

"பனியை வேணும்னா கறுப்பாக்குங்க. எங்கம்மா மூஞ்சியத் தொடாதீங்க."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். நெகட்டிவை மறுபடி ஏற்றினார். எதையும் தொடவில்லை. அவள் கல்லாவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடியே நின்றாள். மெஷின் முனகிக்கொண்டு ஒரு படத்தை வெளியே தள்ளியது.

அம்மா.

கருப்பட்டி நிறம். கன்னத்தில் மட்டும் குளிர் ஏற்றிய சிவப்பு. அத்தனை வெள்ளைக்கு நடுவில், சொன்னபடியே, பளிச்சென்று.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம் போகவில்லை.

அண்ணன் படத்தை உறையில் போட்டு நீட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோவிச்சுக்காதம்மா. போன வருஷம் உன் படத்துக்கு நீயேதான ஏத்தச் சொன்ன? அம்மாவுக்கும் அதான் பிடிக்கும்னு நெனச்சிட்டேன்."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்.

போன வருஷம். வரன் பார்க்கிற இணையதளத்துக்காக. இதே கல்லா. அவளுக்கும் அம்மா நிறம்தான். அண்ணன் மூன்று மாதிரி செய்து காட்டினார். இருப்பதிலேயே வெளுப்பானதை அவள்தான் விரல் வைத்துக் காட்டினாள். அந்தப் படம் இன்னும் அந்த இணையதளத்தில்தான் இருக்கிறது.

அன்றைக்கு அம்மாவும் கூட வந்திருந்தாள். மகளின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

திட்ட வேண்டிய ஆள் கல்லாவுக்கு அந்தப் பக்கம் இல்லை.

அவள் பையைத் திறந்தாள். குளிரில் விறைத்துப்போன கேமரா உள்ளே இருந்தது. திருச்சி வெயில் பட்டதும் அது தானாகச் சரியாகியிருந்தது. பிலிம் பாதிக்கு மேல் மிச்சம்.

அதை அவர் கையில் கொடுத்தாள். உள்ளே போய் வெள்ளைத் திரைக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அண்ணன் விளக்கைப் போட்டார். பழக்கத்தில் சீப்பையும் பவுடர் டப்பாவையும் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"ஒண்ணு எடுங்க."