மகளுக்கும் ஒரு பங்கு

"உங்க அப்பா உயில் எழுதாமப் போயிட்டாரு, அம்மாவும் இல்ல. அப்ப இந்த வீட்டை விக்க உங்க தங்கச்சியும் கையெழுத்துப் போடணும்" என்றார் பத்திர எழுத்தர் சாலமன்ராஜ்.

கோட்டைச்சாமிக்குக் கோபம் வந்தது. "கல்யாணத்துக்கு நகை போட்டு, சீரும் செஞ்சாச்சு. பொம்பளப் பிள்ளைக்கு இன்னும் என்ன பங்கு?"

"நகை வேற, வீடு வேற" என்றாள் அருகில் உட்கார்ந்திருந்த மாடத்தி. "பாதி வந்தே ஆகணும்."

"சும்மா இரு. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பட்டாசுக் கம்பெனியில திரி சுத்தி அப்பாவுக்கு வைத்தியம் பாத்தது யாரு? பொம்பளப் பிள்ளதான?"

சாலமன்ராஜ் சிரித்தார். "சரியாச் சொன்னீகம்மா. தங்கச்சி நீங்களே நேர்ல வந்தது நல்லதாப் போச்சு. ஆதார் கொண்டு வந்திருக்கீகளா?"

"நான் தங்கச்சி இல்ல சார், இவுக பொண்டாட்டி. தங்கச்சி தாயில்பட்டியில வேலைக்குப் போயிருக்கு. நாளைக்கு நானே கூட்டிட்டு வாரேன்."

கோட்டைச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். "வீட்டுக்கு வர்ற பணத்தைத் தடுக்கிற பொண்டாட்டிய எங்கயாவது பாத்திருக்கீகளா சார்?"

"அடுத்த வாரம் ஆனைக்குட்டத்துல எங்க அண்ணன்மாரு எங்கப்பா வீட்டை விக்கிறாக" என்றாள் மாடத்தி. "இங்கன பேசாம இருந்துட்டு, அங்கன எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என் பங்கைக் கேக்கிறது?"