வசுந்தராவுக்குப் பதிலாக

காலை ஐந்தரைக்குத் துவாரகன் எழும்பினான். பல் தீட்டினான். முதுகுப்பைக்குள் பதினைந்து கிலோ பசுமதி அரிசியை வைத்துச் சுமந்துகொண்டு ஐந்து மாடிப் படிகளை எட்டுத் தடவை ஏறி இறங்கினான். ஹனோவரில் வேறு மேடு இல்லை.

வியர்த்த முகத்தைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். மாமி, மனைவி வசுந்தராவின் அம்மா, கும்பிடும் கை இரண்டு அனுப்பினார். பிறகு தேத்தண்ணி குடித்தான். மூன்று மாதமாக இதுதான் காலை.

பத்து மணிக்கு வசுந்தராவின் தம்பி கீர்த்தனன் காரோடு வந்தான். கையில் ஒரு பெரிய உறை.

"அத்தான், படத்தை லாமினேட் பண்ணிட்டன். மலை உச்சியில பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுக்கு."

அவர்களுடைய கலியாணப் படம். மாலையும் கழுத்துமாக இருவரும்.

"தனிய அவளின்ர படம் இல்லையோ?"

"இருக்கு. ஆனா அக்கா அங்க தனிய நிண்டா நல்லா இருக்குமே?"

துவாரகன் படத்தைத் திரும்ப உறைக்குள் வைத்தான்.

மலையின் பெயர் கஸ்பெக். ஜோர்ஜியாவில் இருக்கிறது. அடங்கிப்போன எரிமலை, மேலே முழுக்க உறைபனி, ஐயாயிரம் மீற்றர். வழிகாட்டியோடு பத்து நாள் பயணம். வசுந்தரா தனக்கென்று ஓர் இடம் பதிந்து வைத்திருந்தாள். துவாரகனுக்கு மூன்றாம் மாடி பல்கனியில் உடுப்புக் காயப்போடவே கால் கூசும்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வேலையிடத்தில் விழுந்தாள். மூளையில் இரத்தக்கசிவு. வாயில் குழாயோடு மூன்று நாள் கிடந்தாள். நாலாம் நாள் விடியும்போது உயிர் பிரிந்தது. அறையில் அவன் மட்டுமே இருந்தான். வெளியே வந்தவனைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். கடைசியா என்ன சொன்னவள்?

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் அவன் சொன்ன பதில் இருக்கிறது. இரண்டாம் பக்கம், பூப்போட்ட கட்டத்துக்குள்: 'எனக்குப் பதிலாக நீங்கள் அந்த மலையில் ஏற வேண்டும்.' நானூறு பிரதி. ஊன்ட்றொப் கோயிலில் முன்பின் தெரியாத ஒரு அக்கா அதைப் பாடமாகச் சொல்லி அவன் கையைப் பிடித்து அழுதார்.

வழிகாட்டி லோத்தர் மலையேற்றப் பயிற்சி மண்டபத்தில் காத்திருந்தான். வசுந்தராவின் இடத்தைத் துவாரகனின் பெயருக்கு மாற்ற அன்றுதான் கடைசி நாள். அவள் நிரப்பிய படிவத்தை லோத்தர் மேசையில் வைத்தான். ஆபத்து நேரத்தில் அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் கீர்த்தனனின் பெயர் இருந்தது.

"என்ர நம்பரைக் குடுத்திருக்கிறா," என்றான் கீர்த்தனன். "அத்தான் ஒரு பயந்தாங்கொள்ளி, பாவம் எண்டு விட்டிருப்பா."

"ஓம்," என்றான் துவாரகன்.

லோத்தர் அவனுடைய சப்பாத்தையும் அதன் கீழே மாட்டும் இரும்பு முள்ளுகளையும் பார்த்தான். இடுப்புப் பட்டியை மாட்டிவிட்டான். பிறகு ஜெர்மனில் நிதானமாகச் சொன்னான்.

"பனியில் நாலு பேர் ஒரே கயிற்றில் நடப்போம். ஒருவன் வெடிப்புக்குள் விழுந்தால் மற்ற மூவரும் அந்தக் கணமே நிலத்தில் விழுந்து பிடிக்க வேண்டும். பாதியில் யாரும் அவிழ்த்துக்கொண்டு போக முடியாது. அதனால் இங்கேயே கேட்கிறேன். உனக்குப் போக விருப்பமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் துவாரகன் மூன்று மாதம் அரிசி சுமந்தான். வழிகாட்டியே வேண்டாமென்றால் மாமிகூடக் குறை சொல்ல மாட்டார்.

"எனக்கு உயரம் பயம்," என்றான். "சரியான பயம்."

லோத்தர் பேனையை மூடினான். "அப்படியென்றால் கூட்டிக்கொண்டு போக மாட்டேன்."

துவாரகன் இடுப்புப் பட்டியை அவிழ்க்கத் தொடங்கினான். முதல் கொக்கி சுலபமாகக் கழன்றது.

"ஒரு நிமிசம்," என்றான் கீர்த்தனன். பையிலிருந்து கல்வெட்டை எடுத்தான். இரண்டாம் பக்கத்தை விரித்து, விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக ஜெர்மனில் சொன்னான்.

லோத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பக்கத்து மேசைக்காரி மூக்கை உறிஞ்சினாள்.

"என் கயிற்றில் எனக்கு அடுத்ததாக வரட்டும்," என்றான் லோத்தர். "நான் பார்த்துக்கொள்கிறேன்." கையெழுத்துப் போட்டான். எழும்பி வந்து, கழன்ற கொக்கியைத் தானே மாட்டி இறுக்கினான்.

கீர்த்தனன் போனை உயர்த்தினான். "அத்தான், அம்மாவுக்கு ஒரு வீடியோ. அக்கா கடைசியாச் சொன்னதை உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ."

"எனக்குப் பதிலாக நீங்கள் அந்த மலையில் ஏற வேண்டும்."

"என்ன அத்தான், புத்தகத்தைப் பாத்து வாசிக்கிற மாதிரி. அக்கா எப்பிடிச் சொன்னவவோ, அப்பிடியே சொல்லுங்கோ."

துவாரகன் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவளும் வாசலில் இப்படித்தான் குனிந்து கட்டிக்கொண்டிருந்தாள். நானும் உம்மோட அந்த மலைக்கு வரட்டே என்று அவன் கேட்டான். அவள் நிமிரவில்லை.

"பத்து நாளைக்கெண்டாலும் உங்கட முகத்தைப் பாக்காமல் இருக்கத்தானப்பா போறன்."