ஊதா நுனி

துரைசிங்கம் பையிலிருந்து வெட்டும் இடுக்கியை எடுத்தார்.

"குடுங்க அண்ணே. நானே வெட்டுறேன்." பொழிலன் கையை நீட்டினான்.

அவர் தயங்கினார். பிறகு கொடுத்தார்.

கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டிக்குள் பவளம் நின்றது. வெளிர்பச்சைக் கிளைகள். ஒவ்வொரு நுனியிலும் ஊதா.

உள்ளே கல். மேலே தோல்போல் மெல்லிய உயிர்.

அந்த ஊதாதான் எல்லாம். உப்பு கொஞ்சம் கூடினால் போய்விடும். சூடு ஏறினால் போய்விடும். அதன்பின் கிளை வெளுக்கும். வெளுத்தது அநேகமாகத் திரும்பாது.

சிங்கப்பூரில் இந்த வகை இரண்டே வீடுகளில் இருந்தது. துரைசிங்கத்தின் வீட்டில். அவர் கிள்ளிக் கொடுத்ததால், இந்த வீட்டில்.

அவர் கொடுத்தது அவனுக்கு அல்ல. அவன் மனைவி இளவெயினிக்கு.

அவள் இருந்தவரை அவன் வேலை வாளி தூக்குவது மட்டும்.

இளவெயினி இறந்த வாரம் துரைசிங்கம் துக்கம் கேட்க வந்தார். கிளம்பும்போது தொட்டி அருகே நின்றார். பவளத்தைத் தான் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். உங்களால் ஆகாது தம்பி என்றும் சொன்னார். இரக்கத்தோடுதான் சொன்னார்.

அவன் தரவில்லை.

அந்த மாதமே ஒரு கிளை வெளுத்தது. தொட்டியில் நீர் குறையக் குறைய, அவன் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தான். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயேதான் இருக்கும்.

அவன் படித்தது வேதியியல்.

பிறகு கற்றுக்கொண்டான். சாப்பிட்டாயா என்று அம்மா தொலைபேசியில் கேட்கும்போது, தொட்டி நீரில் சுண்ணாம்புச் சத்தைச் சோதித்துக்கொண்டிருப்பான். சாப்பிட்டேன் என்பான்.

போன மாதம் துரைசிங்கம் ஜொகூர் போயிருந்தார். வீட்டில் தொட்டியின் குளிரூட்டி நின்றுபோனது. திரும்பி வந்தபோது அவருடையது செத்திருந்தது.

பவளம் வளர்ப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கிள்ளிக் கொடுத்தவர் இழந்துவிட்டால், வாங்கியவர் திருப்பிக் கிள்ளித் தர வேண்டும்.

அதற்குத்தான் வந்திருக்கிறார். இங்கே உயிரோடு இருக்கும் என்று அவர் பெரிதாக நம்பவில்லை. வந்ததிலிருந்து உட்காரவில்லை. தேநீர் ஆறிவிட்டது.

"என்கிட்ட இருந்தப்போ இவ்ளோ ஊதா இல்ல தம்பி."

அவர் அதை இன்னொரு முறை சொன்னால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

கையை நீருக்குள் விட்டான். வெட்டு பிசகினால் மீதியும் வெளுக்கும். ஓரத்துச் சிறு கிளை போதும் என்றார் துரைசிங்கம்.

அவன் உயரமான கிளையைப் பிடித்தான்.

நறுக்.

பவளத்தின் உயிர் முழுவதும் கல்லுக்குள் சுருங்கியது. ஊதா மங்கியது.

இருவரும் கண்ணாடிமேல் மூச்சு படும்படி குனிந்து நின்றார்கள்.

மெல்ல, ஒரு நுனி விரிந்தது. பிறகு பக்கத்து நுனி. பிறகு எல்லாம்.

பையில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, வெட்டிய கிளையை உள்ளே விட்டு, வாயைக் கட்டினான்.

பையின்மேல் வளர்த்தவர் பெயர் எழுத வேண்டும். அது போகிற வீட்டுக்கெல்லாம் அந்தப் பெயரும் போகும்.

எழுதிக் கொடுத்தான்.

துரைசிங்கம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

இ. பொழிலன்.

"உங்கப்பா கருப்பையா இல்ல? இனிஷியல் 'க'ன்னுல்ல வரணும்?"

"இல்லண்ணே. சரியாத்தான் இருக்கு."