சாக்குக்குள் நாலு ஸ்பிரிங்

"இதுவாண்ணே அப்பச்சி ஓட்டின காரு?"

கோவிலூர்த் திருப்பத்தைத் தாண்டியதும் ஏகப்பன் காரை ஓரங்கட்டினான். திருப்பத்தில் வண்டி வைக்கோல் பாரம் ஏற்றின மாட்டுவண்டி மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து, ஆடி, நிமிர்ந்திருந்தது.

பக்கத்தில் இருந்த டிரைவர் அருளானந்தம் ரோட்டையே பார்த்தார். "இப்ப இப்படித்தான் ஓடும், சின்ன முதலாளி."

ஏகப்பனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பதினோரு வருஷம் பினாங்கில் சித்தப்பா வீட்டில் இருந்து படித்தவன் கூட்டாளிகளிடம் அளந்ததெல்லாம் இந்தக் காரைப் பற்றித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் கப்பலில் வந்த சீமைக் கார். நாலு கதவு இருந்தாலும் பந்தயக் கார் ஜாதி. அப்பச்சி என்று அவன் கூப்பிடும் தகப்பனார் அறுபது மைல் வேகத்தில் திருப்பினாலும் ரோட்டைக் கவ்விக்கொண்டு போகும். ஊரே வாயைப் பிளந்து நிற்கும்.

அவனைப் பெற்ற ஆத்தா இரண்டாவது பிரசவத்தில் போய்ச்சேர்ந்த பிறகு அப்பச்சி ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. இவனையும் பினாங்குக்கு அனுப்பிவிட்டார். போன மாசம் அவரும் கண்ணை மூடிவிட்டார். மிச்சம் இருக்கும் காரையாவது ஆசை தீர ஓட்டலாம் என்று உட்கார்ந்தால், ஸ்டியரிங்கை அரைச்சுற்று திருப்பின பிறகுதான் வண்டிக்குக் காது கேட்கிறது.

நேராகக் காரைக்குடிக்கு விட்டான். புதிதாகப் பட்டறை போட்டிருந்த வீரையா வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

"நாலு ஸ்பிரிங்கும் வேற சார். சீமைச் சாமான் இல்லை. யாரோ உள்ளூர்ல மெலிசா அடிச்சுப் போட்டிருக்காக."

ஏகப்பன் டிரைவர் பக்கம் திரும்பினான். "அசல் சாமானை யாருக்கு வித்தீக?"

அருளானந்தத்தின் முகம் செத்துப்போனது. "விக்கலை. பெரிய முதலாளிதான் கழட்டச் சொன்னாக."

"ஏன்?"

அருளானந்தம் தோளில் கிடந்த துணியால் கார்க் கண்ணாடியைத் துடைத்தார்.

"நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்."

அருளானந்தம் துணியை மடித்து வைத்துவிட்டு நடந்தார். கொஞ்ச நேரத்தில் குதிரை வண்டியில் திரும்பி வந்து, ஒரு சாக்கை இறக்கி அவிழ்த்தார். அசல் சீமை ஸ்பிரிங் நாலும் கிரீஸ் தடவி, பொட்டுத் துருவில்லாமல் இருந்தன.

ஏகப்பனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "மாட்டுங்க" என்றான் வீரையாவிடம்.

"இன்னைக்கு ஒருநாள் கூட வாரேன் முதலாளி. பிறகு நின்னுக்கிறேன்" என்றார் அருளானந்தம்.

சாயங்காலம் பிள்ளையார்பட்டி ரோட்டில் வண்டி வேறு பிறவி எடுத்திருந்தது. விரலை அசைத்தால் திரும்பியது. எந்தத் திருப்பத்திலும் இம்மி சாயவில்லை. ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் ஏகப்பனின் உள்ளங்கையில் வந்து பேசியது. மனுசன் செய்ததுதானா இது என்று அவனுக்குப் புல்லரித்தது.

திரும்பி வரும்போது ஒரு ஆள் நடுரோட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். கார் நின்றதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொந்த வண்டி மாதிரி பின்கதவைத் திறந்து, வலியில் துடித்த நிறைமாசப் பெண் ஒருத்தியை ஏற்றினான். கூடவே அவனுடைய அக்காவும் ஏறினாள்.

"யாருண்ணே இவுக?"

"ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க முதலாளி. பிறகு சொல்றேன்."

சமயத்துக்கு வந்த வண்டி என்று ஏகப்பன் பெருமையோடு அழுத்தினான். முதல் பள்ளத்திலேயே அந்தப் பெண் அலறினாள். அடுத்ததில் மூச்சு நின்று வந்தது. அவன் கையில் பேசின கல்லெல்லாம் அவள் அடிவயிற்றில் இடித்தது.

பின்னாலிருந்து அக்காக்காரி அருளானந்தத்திடம் கேட்டாள். "என்னண்ணே, வண்டியை மாத்திட்டீகளா? போன ஐப்பசியில நான் வலியோட வந்தப்ப தொட்டில்ல கெடந்த மாதிரி இருந்துச்சே. சுத்துப்பட்டுல எத்தனை பொம்பளைக இதுல போயிருக்கோம்."

ஏகப்பனின் கால் தானாக மேலே வந்தது. அதன்பிறகு வண்டி நடந்துதான் போனது. "இங்குட்டு ஒடிங்க. அங்குட்டுப் பள்ளம்" என்று அருளானந்தம் சொல்லச் சொல்ல, வேர்த்து விறுவிறுத்து ஓட்டினான்.

ஆஸ்பத்திரி காவல்காரர் காரைத் தூரத்தில் பார்த்ததுமே கேட்டை விரியத் திறந்தார். யாரும் கூப்பிடாமலே ஆயா ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். பந்தயக் காருக்கு வாயைப் பிளந்த ஊரை ஏகப்பன் பார்த்திருக்கிறான். இப்படி ஒரு வரவேற்பைப் பார்த்ததில்லை.

ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை. தாயும் சுகம்.

ஏகப்பன் சாவியை அருளானந்தத்தின் கையில் வைத்தான்.

"வண்டியைப் பட்டறையில விடுங்கண்ணே. பழைய மெலிசு ஸ்பிரிங்கையே போடச் சொல்லுங்க. உங்களை நான் அப்படிக் கேட்டது பெரிய தப்பு. இவ்வளவு பெரிய காரியத்தை அப்பச்சி ஏன் எங்கிட்ட மறைச்சாக? நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"இதைச் சொன்னா அதையும் சொல்லணுமே, முதலாளி."

"எதை?"

அருளானந்தம் காரைத் தடவிக்கொண்டே சொன்னார். "உங்க ஆத்தாளை ஏத்திக்கிட்டு இதே ரோட்டுல பெரிய முதலாளிதான் வேகமா ஓட்டிக்கிட்டு வந்தாக. ஆஸ்பத்திரி வந்து சேருறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அன்னைக்கு வண்டியில இருந்தது, இன்னைக்கு நீங்க மாட்டின ஸ்பிரிங்கு."